அண்ணி போகிற ஊர்

விரிசலுக்கு இன்றோடு இருபத்தாறு நாள் வயது.

சமையலறைச் சுவரில் தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சின்னவள் துணியால் துடைத்தாளே, அதே விரிசல்தான். இப்போது அதில் அவள் மகளின் விரல் நுழைகிறது. தெருவுக்குப் பின்னால் இருக்கும் மலை நாளுக்கு இரண்டு நூல், கால் அங்குலம், கீழே இறங்குகிறது என்று அளக்க வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். முப்பத்திரண்டு வீடுகளின் கதவிலும் சிவப்பு மையில் எண் போட்டாயிற்று. ஒரு மாதத்துக்குள் எல்லோரும் கிளம்பியாக வேண்டும்.

போவதற்கு மூன்று இடங்கள் கொடுத்திருக்கிறார்கள். துறைமுகம், ஜங்ஷன், ஏரிப்பக்கம். எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்க இன்று மாலை நாலு மணி கடைசி.

போன வாரம் நாம் விட்ட இடத்தில், டிரைவர் அந்தப் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஓட்டப் போனார். இந்த வீட்டில் அவர் 'பாத்துக்கிறேன்' என்று சொன்ன காரியங்கள் எப்படி முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். குளியலறைக் குழாய் நாலு வருஷமாக ஒழுகுகிறது.

சின்னவள் அவர் மனைவி. பல்செட் செய்கிற லேபில் வேலை. இன்று காலை அவள் மேஜையில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் மேல்வரிசை இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே பழைய இடைவெளி அப்படியே வேண்டும் என்று வாத்தியார் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். இடைவெளி இல்லாமல் போட்டால், வீட்டில் யாரோ விருந்தாளி வந்த மாதிரி மனைவி பார்க்கிறாளாம். சின்னவள் மெழுகைச் சூடாக்கிப் பல்லை ஒரு இம்மி நகர்த்தினாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு இம்மி.

போன் அடித்தது. இடமாற்று அலுவலகம்.

"உங்க வீட்டுப் படிவத்துல ஒரு குளறுபடிம்மா. நேர்ல வாங்க. நாலு மணிக்கு மேல வந்தீங்கன்னா மிச்சம் இருக்கற இடத்தைத்தான் தள்ளிவிடுவோம்."

"என்ன குளறுபடி சார்?"

"ஊர் பேரு புரியல."

மூன்றே ஊர். அதில் என்ன புரியாமல் போக? டிரைவரின் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துறைமுகத்துக்கும் ஜங்ஷனுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவர் மோசமில்லை. சின்னவள் மெழுகு விளக்கை அணைத்தாள். வாத்தியாரின் பல்வரிசையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அலுவலகத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. சன்னலில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். சின்னவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் வெட்கப்படாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படிவத்தை எடுத்துப் போட்டார்.

"நீங்களே படிங்க."

கையெழுத்து அவள் கணவருடையதுதான். அதிசயமாக, குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

முதல் விருப்பம்: அண்ணி போகிற ஊர்.

இரண்டாம் விருப்பம்: அண்ணி போகிற ஊர்.

மூன்றாம் விருப்பம்: மேற்படி.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அட, அது எங்கம்மா இருக்கு? எங்களுக்கும் அங்க கிடைக்குமா?" என்றாள். வரிசையே சிரித்தது. சின்னவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு எந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இப்படி எழுதிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவான்?

"அண்ணிங்கறது யாரும்மா?"

"என் ஓரகத்தி. அவரோட அண்ணன் மனைவி. அண்ணன் தவறிப்போய் ஒன்பது வருஷம் ஆச்சு. எங்ககூடத்தான் இருக்காங்க. எங்க வீட்ல எதுன்னாலும் அவங்களைக் கேட்டுத்தான் செய்வோம். பழக்கதோஷத்துல இப்படி எழுதிட்டாரு."

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. வேறொரு கட்டிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவினார்.

"எடைமேடையில வேலை பாக்கறவங்களா?"

"ஆமா."

"திங்கக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டாங்களே. துறைமுகம். தனிக்குடும்பம். ஒரே ஆள்." காகிதத்தின் அடியில் விரலை வைத்தார். "அவங்க பேரு உங்க குடும்ப அட்டையில இருக்கறதால, குடும்பத் தலைவரோ அவர் மனைவியோ சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். வீட்ல சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்னாங்க. இன்னும் வரல. நீங்களே இருக்கீங்களே, போட்டுடுங்க."

பேனாவையும் நீட்டினார்.

சின்னவள் பேனாவை வாங்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளாக ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். நேற்று மகள் வாண்டுவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ஓரகத்தியான பெரியவள் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இப்ப மணி என்ன?"

"ஒண்ணே கால்."

"நாலு மணிக்குள்ள வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள்.

*

மரக்கடைக் கிடங்கின் வாசலில் எடைமேடை. லாரி சுமையோடு ஏறி நிற்கும். பிறகு உள்ளே போய் இறக்கிவிட்டுக் காலியாக வந்து நிற்கும். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரியும். இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். பின்சக்கரத்தை ஒரு சாண் மேடைக்கு வெளியே நிறுத்தலாம். காலி லாரியில் மூன்று ஆட்களைப் படுக்க வைக்கலாம். பெரியவள் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, இந்த வித்தைகளையெல்லாம் பார்த்துச் சலித்தவள்.

சின்னவள் மூச்சு வாங்க வந்து நின்றபோது, பெரியவள் சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பின்னாடி சக்கரம் இன்னும் ரோட்டுல சுத்திப் பாத்துக்கிட்டு இருக்கு. அதையும் மேல கூப்பிடு."

லாரிக்காரன் பல்லைக் காட்டிவிட்டு வண்டியை நகர்த்தினான். சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெரியவள், ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

"அலுவலகத்துக்குப் போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"சரி. உள்ள வா. வெயில்ல நிக்காத."

"நான் ஒண்ணும் உள்ள வரல." சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். "என்னக்கா இது? நாங்க என்ன குறை வச்சோம்? உங்களை யாரு என்ன சொன்னா?"

"யாரும் எதுவும் சொல்லல."

"அப்ப, பாரமா இருக்கோம்னு நீங்களே நினைச்சுக்கிட்டீங்களா?"

"பாரத்தைப் பத்தி என்கிட்டயே பேசறியா?" பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. தண்ணி குடி. முதல்ல மூச்சு விடு."

சின்னவள் உட்காரவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. மூன்று அறை வீட்டில் நாலு பேர் நெருக்கடி என்று நினைத்துத்தான் அக்கா ஒதுங்குகிறாள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அதற்கான பதில்களையெல்லாம் வழி நெடுகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாண்டு இனி அம்மா அப்பாவோடு படுத்துக்கொள்ளும். ஏரிப்பக்கத்து வீடுகளுக்குப் பின்புறம் ஒரு சின்ன அறை உண்டாம். அதுவும் போதாதென்றால் கூடத்தைத் தடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

பெரியவள் முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு காலி லாரியை எடை போட்டுச் சீட்டும் கொடுத்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இப்ப நான் சொல்றேன், நடுவுல பேசாத. நான் உங்களுக்காகப் போகல. எனக்காகப் போறேன்."

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் விரலை உயர்த்தினாள்.

"பொறந்த வீட்ல நாங்க எட்டுப் பேர். இருபது வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். அம்மா இல்லாத வீடு. உன் புருஷனுக்கு அப்பப் பதினாலு வயசு. சட்டைக்குப் பித்தான் தைக்கத் தெரியாம ஊசி குத்திட்டு நின்னான். அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யாராவது ஒருத்தர் என் கதவைத் தட்டிக்கிட்டேதான் இருக்கீங்க. நான் குறை சொல்லலடி. சந்தோஷமாத்தான் திறந்தேன். ஆனா உள்ள போயி, கதவைச் சாத்தி, நானே தாழ்ப்பாள் போட்டு, ஒரு நாள்கூட இருந்ததில்ல. அம்பது வயசாச்சு. ஒரு தடவை இருந்து பாத்துடறேனே."

"அதுக்கு மூணு மணி நேரம் தள்ளிப் போகணுமா? ஜங்ஷன்லயே தனியா ஒரு வீடு வாங்கிக்கலாமே."

"ஜங்ஷன்ல தாழ்ப்பாள் போட்டா, அஞ்சு நிமிஷத்துல நீ வந்து தட்டுவ."

இது உண்மை.

"துறைமுகத்துல என்னக்கா இருக்கு? கடல் பாக்கணும்னு ஆசையா?"

"கடல் யாருக்கு வேணும்? உப்புக்காத்து. போட்ட துணி காயாது." பெரியவளின் முகம் திடீரென்று மலர்ந்தது. "அங்க எண்பது டன் மேடை வச்சிருக்காங்கடி! இது நாப்பது. அங்க கப்பல்லேர்ந்து இறங்கற பெட்டியை லாரியோட அப்படியே ஏத்தி நிறுத்துவாங்களாம். கணக்குப் பாக்க ஆள் வேணும்னு கேட்டாங்க. எழுதிப் போட்டேன். நேர்லயும் போய்ப் பேசிட்டு வந்தேன்."

"எப்ப?"

"பல் கூசுதுன்னு ஒரு நாள் லீவு போட்டேனே."

சின்னவள் திகைத்துப் போனாள். பல் கூச்சத்துக்கு அவளே லேபில் இருந்து பற்பசை கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பெரியவள் அதைப் பத்து நாள் சமர்த்தாகத் தேய்த்தும் இருக்கிறாள்!

"வேலை உறுதின்னு நேத்து போன் பண்றேன்னு சொன்னாங்க. பண்ணல. அது வந்ததும் வீட்ல உடைச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். இன்னிக்காவது வரும்னு பாக்கறேன்."

"நீங்களே கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"ரொம்பப் பறக்கறேன்னு நினைப்பாங்க."

இருபத்திரண்டு வருஷம் லாரிக்காரர்களை நடுங்க வைத்த பெண்மணி, முதல் முறையாக வேலைக்குப் போகிற பெண்ணைப் போலக் கூச்சத்தோடு அதைச் சொன்னாள். சின்னவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அக்காவுக்கு இப்படி ஒரு ஆசை இருக்கும் என்று பதின்மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது தோன்றியதா? அக்காவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? டீயில் சர்க்கரை போதுமா என்பதைத் தவிர.

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயம் இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாம் சரிக்கா. ஆனா நீங்க இல்லாம நான் எப்படி இருப்பேன்?"

"ஆங், இதைச் சொல்லு. பாரம், அறை, கூடம்னு எங்கெங்கயோ சுத்திட்டு இப்பத்தான் விஷயத்துக்கு வந்த."

"சிரிக்காதீங்க." சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு எதுவும் தெரியாது. வாண்டு பொறந்தப்பக் குளிப்பாட்டக்கூடப் பயந்து நின்னேன். நீங்கதான் எல்லாம். நான் இந்தப் பல்செட் படிப்பு படிச்சதே உங்களாலதான். ரெண்டு வருஷம் காலை ஷிப்டை மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டு, குழந்தையை வச்சிக்கிட்டு, என்னை வகுப்புக்கு அனுப்பினீங்க. அப்பத்தான் மாமா தவறிப்போய் ஆறு மாசம். நீங்க அழறதுக்குக்கூட நேரம் இல்ல. அன்னிக்கே உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கணும். நான் சொல்லவே இல்லக்கா. வீட்டு மனுஷங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

பெரியவள் எழுந்து வந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

"குழந்தை எனக்குத் துணைடி. அந்த வருஷம் அது மட்டும் வீட்ல தவழாம இருந்திருந்தா, நான் என்ன ஆகியிருப்பேனோ. எனக்கும் உங்கிட்டச் சொல்ல இருக்கு. கணக்கு நேராப் போச்சு, விடு."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"இருய்யா! ஊரே இடிஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கு, இவனுக்கு மட்டும் அவசரம்!" பெரியவள் சன்னல் வழியாகக் கத்திவிட்டு, மெதுவாகத் திரும்பினாள். "கையெழுத்து நீ மனசாரப் போடணும். இல்லன்னா வேணாம். நான் கிழிச்சுப் போட்டுட்டு உங்ககூடவே வந்துடறேன். அதுலயும் எனக்குக் கோபம் இல்ல."

அவள் அப்படித்தான் செய்வாள். அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை, "போகாதீங்க" என்றால் போதும். எண்பது டன் மேடையை விட்டுவிட்டு வந்து, வாழ்நாள் முழுக்க இவர்களுக்குக் கதவு திறந்துகொண்டிருப்பாள். முகம்கூடச் சுளிக்கமாட்டாள்.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அரை நாள் லீவு சொல்லுங்க. கிளம்புங்க."

"எங்கே?"

"நான் கையெழுத்துப் போடறதை நீங்க பக்கத்துல நின்னு பாக்க வேணாமா?"

*

மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குச் சின்னவள் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வளைவு எதுவும் விடாமல், முழுப் பெயரையும் போட்டாள்.

பிறகு கணவரின் படிவத்தை இழுத்துக்கொண்டாள். இங்கேதான் பேனா நின்றது. 'அண்ணி போகிற ஊர்' என்பதை அடித்துவிட்டுத் துறைமுகம் என்று எழுதினால், நாலு பேரும் ஒன்றாகவே போய்விடலாம். அவர் மனசில் அதுதான் இருந்திருக்கும். லேப் வேலை போனால் போகட்டும், அங்கேயும் மனிதர்களுக்குப் பல் விழும்தானே.

பெரியவள் பக்கத்தில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தாள்.

சின்னவள் மூன்று வரிகளையும் ஒரே கோடாக அடித்தாள். முதல் விருப்பம், ஜங்ஷன் என்று எழுதினாள். வாண்டுவின் பள்ளிக்கூடமும் லேபும் அங்கிருந்து இருபது நிமிடம். அடுத்த வரியில் ஏரிப்பக்கம். மூன்றாவதைக் காலியாக விட்டாள்.

"மூணாவது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அங்க நாங்க விருந்தாளியாத்தான் போவோம் சார். கூப்பிட்டா மட்டும்."

பெரியவள் அவள் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். வலித்தது. ஆனால் அந்த வலிக்கு நாலு நாள் நன்றி சொல்லலாம் போலவும் இருந்தது.

வெளியே வந்தபோது டிரைவரின் பஸ்ஸே வந்து நின்றது. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரெண்டு பேரும் சேந்து வந்தீங்களா! ஏறுங்க, ஏறுங்க. அண்ணி, எனக்குப் பின்னாடி சீட்டு காலியா இருக்கு."

ஏறினார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

"படிவத்துல ஏதோ குளறுபடின்னு எனக்கும் போன் பண்ணாங்க. வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், எடுக்கல. சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு" என்றாள் சின்னவள்.

"அண்ணி ஊர்தானே?"

"தம்பி, ரோட்டைப் பாரு" என்றாள் பெரியவள்.

ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் சொல்லலாம் என்றுதான் சின்னவள் நினைத்தாள். ஆனால் அவளுக்கு மனசில் ஒன்றை அடக்கி வைக்கத் தெரியாது. மூன்று நாள் மூடி மறைத்த பெரியவளைப் பார்த்தும் அந்தக் கலை அவளுக்கு வரவில்லை.

"நமக்கு ஜங்ஷன்ங்க. அக்காவுக்குத் துறைமுகம். நான் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

பஸ் அடுத்த நிறுத்தத்தில் நிற்காமல் போனது. "யோவ், டிரைவரு! நான் இறங்கணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நூறு அடி தாண்டி வண்டி ஓரமாக நின்றது. இறங்க வேண்டியவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"நேத்துக் காலைல நீங்க குளிக்கப் போயிருந்தப்ப, மேஜையில உங்க போன் அடிச்சுது. நான் எடுத்தேன். துறைமுக எடைமேடையிலேர்ந்து பேசுறோம்னாங்க. வேலை உறுதி, எப்ப வந்து சேருவாங்கன்னு கேட்டாங்க." அவர் குரல் உள்ளே போயிற்று. "அவங்க வரமாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன் சீட்டில் இருந்த ஒருத்தி காய்கறிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"என்னங்க இது? இப்படியுமா செய்வாங்க?" என்றாள் சின்னவள்.

"விட மனசு வரல! அப்புறம்தான் படிவத்தை எடுத்தேன். துறைமுகம்னு எழுதக் கை வரல. ஜங்ஷன்னு எழுதவும் வரல. நீங்க எங்களோடயே இருந்துட்டா, நாம எங்க போனாலும் அது அண்ணி போற ஊர்தானேன்னு நினைச்சு அப்படி எழுதிட்டேன்." அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "திட்டுங்க அண்ணி. நாலு பேர் முன்னாடி திட்டுங்க. வாங்கிக்கிறேன்."

பெரியவள் திட்டவில்லை. கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்து, கண்ணைச் சுருக்கித் தேடி, நேற்று வந்த அந்த எண்ணைக் கண்டுபிடித்து அழுத்தினாள். மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ எடுத்ததும், போனை டிரைவரிடம் நீட்டினாள்.

"நீ சொன்னதை நீயே மாத்திச் சொல்லு."

அவர் போனைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். வாங்கிக் காதில் வைத்தார்.

"சார், வணக்கம். நேத்து அந்த எடைமேடை வேலைக்கு வரமாட்டாங்கன்னு சொன்னேனே, அது நான்தான். அவங்க சொல்லல. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் அவங்க கொழுந்தன். அம்மா இல்லாத என்னை ஆளாக்கினவங்க சார். அதனால புத்தி கெட்டுப் போச்சு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு லாரிக்காரன்கூட அவங்களை ஏமாத்தினதில்ல. நேத்து நான் ஒருத்தன்தான் ஏமாத்தியிருக்கேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "எங்க அண்ணி வருவாங்க சார்."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். "சரி சார்" என்றார். மறுபடியும் "சரி சார்" என்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"என்னய்யா சொன்னாங்க?" கேட்டது காய்கறிப் பைக்காரி.

"நேத்தே இன்னும் ரெண்டு பேரை வரச் சொல்லிட்டாங்களாம் அண்ணி. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மூணு பேரையும் மேடையில உக்கார வச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம்."

உறுதியாக இருந்த வேலை, மூன்று பேர் போட்டியாக ஆகிவிட்டது. வீட்டுக்கோ கையெழுத்து ஆகிவிட்டது, நாலு மணியும் தாண்டிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் அக்கா என்ன செய்வாள்? சின்னவளுக்குத் தன் கையெழுத்தை நினைத்தால் பயமாக இருந்தது.

பெரியவள் போனை வாங்கிப் பைக்குள் போட்டு மூடினாள்.

"எட்டு மணிக்கு அங்க இருக்கணும்னா, எத்தனை மணி வண்டியைப் பிடிக்கணும்?"

"காலைல நாலரைக்கு ஒண்ணு இருக்கு அண்ணி. நான் பேசி டூட்டியை மாத்திக்கிறேன். அந்த வண்டியை நானே ஓட்டுறேன்."

"தூங்கி வழியமாட்டியே?"

"நீங்க பின்னாடி உக்காந்திருந்தா நான் எப்படி அண்ணி தூங்குவேன்?"

பெரியவள் கையை நீட்டி, பதினாலு வயசுப் பையனைத் தட்டுவது போல அவர் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். கையை உடனே எடுக்கவில்லை. அவர் கியரைப் போட்டு வண்டியை எடுக்கும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது.